கேட்கவா, கேட்கவைக்கவா

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில்
சீட் கவர்கள் தோலுரித்த ஆடுகளாய்த் தொங்கும் கடை வாசலில்
என் பழைய வேகன்-ஆரின் டிக்கிக்குள்
பாதி உடம்பை விட்டு அளந்தார் தமீம்.
"பத்து இஞ்ச் உட்காரும்.
பன்னெண்டும் உட்காரும்,
காய்கறிப் பையை மடியில் வெச்சுக்கிட்டா."
வெளியே வந்து டேப்பைச் சுருட்டியபடி,
"மேடத்துக்குப் பாட்டு கேட்கணுமா,
கேட்கவைக்கணுமா?"

எட்வின் எனக்காகப் பதில் சொன்னான்.
சித்தி மகன். பெரம்பூரில் அவன் கார் திரும்பினால்
மூன்றாம் மாடியில் எவர்சில்வர் தம்ளர்கள்
ஒன்றோடொன்று பேசும்.
"பன்னெண்டு. போர்ட் வெச்ச பாக்ஸ்.
கண்ணாடி நடுங்கணும்ணே."

நான் சொல்லவில்லை,
எழும்பூரில் ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை என்று.
காந்தக் குழாய்க்குள் ஆளை அனுப்பிவிட்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
டொக் டொக் டொக் டர்ர்ர்ர்.
பயப்படாதீங்க, வெறும் சத்தம்தான் என்று
நாளைக்குப் பதினாலு பேரிடம் சொல்கிறவள்.
குளத்தூர் வாடகை வீட்டில்
எங்கள் மிக்ஸிக்கும் பக்கத்து வீட்டு மிக்ஸிக்கும்
ஒரே சுவர்.
கதவு சாத்திக்கொள்ள எனக்கிருக்கும் அறை
நாலு சக்கரத்தில் நிற்கிறது,
இன்னும் இருபத்தொரு தவணை பாக்கியோடு.

முதலில் பன்னிரண்டு.
கடையின் டெமோ காரில் உட்காரவைத்தார்.
பின்பக்கக் கண்ணாடியில் தெரு இரண்டாய்த் தெரிந்தது.
நம்பர் பிளேட்டுக்குக் குளிர்ஜுரம்.
பானட்டில் பையன் வைத்த டீ
வட்டம் வட்டமாய் யோசித்தது.
நெஞ்சுக்குள் யாரோ பீரோவை நகர்த்தினார்கள்.
எட்வின் சிரித்தான்.
வேலை போனதிலிருந்து
அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.
அதனால்தான் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்றேன்.
என்ன பாட்டு அது என்று பிறகு கேட்டபோது
மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அப்புறம் பத்து.
மூடிய பெட்டி, மூச்சு வெளியே போக வழியில்லாதது.
ஆன் பண்ணினாரா என்று தமீமைப் பார்த்தேன்.
டிக்கியில் இருக்கிற பொருள்
டேஷ்போர்டில் பாடுகிறவள் பக்கத்தில்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது.
கிட்டார்க்காரன் விரல்
கம்பியை விடுகிற இடம் கேட்டது.
அடி விழுந்தது. அடி முடிந்தது.
ஒரு சத்தம் முடிவதைக் கேட்டு
எத்தனை நாளாயிற்று.
தமீம் சுட்டுவிரலால் எதையோ தட்டி அதை மட்டும் நிறுத்தினார்.
பாட்டு அப்படியே இருந்தது,
தரைதான் இல்லை.

"பக்கத்து காருக்குக்கூடக் கேட்காதே,"
துக்கம் விசாரிக்கிற குரலில் எட்வின்.
விலை வேறு பத்துக்குத்தான் ஜாஸ்தி.
"கம்மியா அதிர்றதுக்குக் கூடக் காசா?"
தமீம் பில் போட்டபடி,
"கதவுக்கு டாம்பிங் ஷீட் ஒட்டிடுங்க.
இல்லேன்னா பாட்டு பாதி, தகரம் பாதி."
நாலாயிரம்.
அடுத்த மாசம் என்றேன்.

நெல்சன் மாணிக்கம் ரோடு சிக்னல்.
தொண்ணூற்றாறு விநாடி.
பக்கத்தில் வந்து நின்றது ஒரு பொலேரோ.
அவன் பாட்டுக்கு
என் கதவு ஆடத் தொடங்கியது.
என் பத்து இஞ்ச் அவையடக்கத்தோடு
தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது,
யாருக்கும் கேட்காமல்,
எனக்கும்.
காசு கொடுத்து வாங்கியது டிக்கியில்,
கேட்பது இலவசமாய்
கதவுத் தகரத்தின் சளி இருமல்.

அடுத்த பாட்டுக்கு மாற்றுவான், சண்டைக்கு வால்யூம் ஏற்றுவான்
என்று நினைத்தேன் எட்வினை.
அவன் நம்ம பாட்டை நிறுத்தினான்.
காதைச் சாய்த்து,
வயிற்றில் குழந்தை தேடுகிற டாக்டர் மாதிரி
கதவின் மேல் கையை நகர்த்தி நகர்த்தி
பாட்டில் வைக்கும் குழிக்குச் சற்று மேலே
உள்ளங்கையை அழுத்தினான்.

இருமல் நின்றது.

பொலேரோக்காரன் பாட்டு
நன்றாகத்தான் இருந்தது.
நாற்பத்தொன்று, நாற்பது.
பச்சை விழும்வரை
எட்வின் கையை எடுக்கவில்லை.