செல்லுபடியாகும் காலம்

படகுச் சீட்டுக்கும் சிவில் ஐடி கேட்டார்கள்.
ஜெனிட்டா பையைக் கவிழ்த்தாள்:
எலுமிச்சை, ஜெபமாலை, மூடி தொலைந்த மூன்று பேனா,
கடைசியில் அட்டை.
சால்மியாவின் கண்ணாடிக் கட்டடங்கள்
ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிறுத்தன.

பாதிக் கடலில் அவளுக்குக் குமட்டியது.
மணப்பாட்டுக்காரி. அப்பா வள்ளம் வைத்திருக்கிறார்.
"ஊர்ல சொல்லிராத" என்றாள்
எலுமிச்சையை மூக்கோடு அழுத்தி.
"கரையில நின்னு கடலப் பாத்தே வளந்தவ நான்.
கடல்ல நின்னு கரையப் பாத்ததில்ல."

ஃபைலக்கா தட்டையான தீவு.
விளம்பரத் தாள் சொன்ன இயற்கை எழில்
எங்கே தொடங்குகிறது என்று தேடினோம்.
உப்புப் பூத்த மண்.
தலை கருகிய பேரீச்சை இரண்டு.
நண்பகல் நிழலை
வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருந்த ஒட்டகம்.
போதும் என்றுதான் தோன்றியது, ஒரு வெள்ளிக்கிழமைக்கு.

போருக்கு முன் வங்கியாக இருந்த கட்டடம்.
காசாளர் கூண்டு அப்படியே.
சுவரெங்கும் குண்டுத் துளைகள்.
நாளெல்லாம் நரம்பு தேடி ஊசி இறக்குகிறவள்
ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டாள்.
"ஆழம்" என்றாள். அவ்வளவுதான்.
குளவி ஒன்று ஈரமண் கொண்டுவந்து
துளையை அடைத்துக்கொண்டிருந்தது,
அத்தனையில் ஒரே ஒரு துளையை.

வேன் ஓட்டிய சூடானியர் பெயர் இத்ரீஸ்.
கிரேக்கர் கட்டிய கோட்டை என்று
இடுப்புயரச் சுவர்களைக் காட்டினார்.
அவர் பேசப் பேச எனக்கு ஒன்றும் புரியவில்லை.
என்னுடையது படிவத்து அரபி.
ஃபர்வானியாவில், தட்டச்சு மையத்தில்,
ஆறு வருடமாக அடித்துத் தேய்ந்த சொற்கள்:
பெயர், தாயின் பெயர், நுழைந்த தேதி, காலாவதி.

அப்புறம் ஒரு வெற்றிடத்தின் முன் நின்றார்.
இங்கே ஒரு கல் இருந்தது, இப்போது நகரத்து மியூசியத்தில்.
ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்கு எழுதிய கடிதம்.
சட்டென்று எல்லாம் புரிய ஆரம்பித்தது.
குடியேற்றம், என்றார். நிலம். வரிவிலக்கு. அனுமதி.
எல்லாம் என் மேசைமேல் கிடக்கும் சொற்கள்!
ஜெனிட்டாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன்,
ஏதோ பெரிய படிப்பாளி மாதிரி.
கடைசி வரி: இதைக் கல்லில் வெட்டிக் கோயிலில் வைக்கவும்.

நாங்கள் லேமினேட் செய்து தருகிறோம்,
இருநூற்றைம்பது ஃபில்ஸ்.

எழுதியவன் பெயர் உண்டு, பெற்றவன் பெயர் உண்டு.
வெட்டியவனை இத்ரீஸுக்குத் தெரியவில்லை.
இந்த வெயிலில், இதே வெயிலில்,
எழுத்து எழுத்தாக
யாரோ தங்கிக்கொள்ள யாரோ தந்த அனுமதியை
உளி பிடித்து அடித்துக்கொண்டிருந்தவன்
அந்த ஊர்க்காரன்தானா?
ஓர் எழுத்துப் பிசகினால் என்ன செய்தான்?
எனக்கு ஒரு பொத்தான்.
போன மாதம் ஒருவரின் பிறந்த வருடத்தைத் தப்பாக அடித்து
அவர் நாலு நாள் வரிசையில் நின்றார்.
திரும்பி வந்து என்னைத் திட்டவும் இல்லை.
ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் படகில் அவளுக்குக் குமட்டவில்லை.
முன்தளத்தில் நின்றாள்,
சுண்டுவிரலில் இன்னும் சுண்ணாம்பு.
தூரத்தில் விளக்குகள் கொத்துக்கொத்தாய் ஏறின.
"இப்படித்தான் தெரியுமா" என்றாள்,
"வாரவங்களுக்கு?"
அவள் சொன்னது எந்தக் கரையை என்று
நான் கேட்கவில்லை.

என் அட்டை மார்ச்சில் முடிகிறது.
படிவத்தை நானேதான் அடிப்பேன்.
அதற்கும் கட்டணம் பிடிப்பார் முதலாளி.