இருபதும் ஒரே பொய்

பிர்னோவில் ஜனவரி.
டிராம் கம்பியில் உறைபனி பிடித்து
திருப்பம்தோறும் நீலப் பொறி தெறிக்கிறது.
மூன்றாம் மாடிச் சோதனைக்கூடத்தில்
க்வியெதா இருபதாவது சில்லைப் பொருத்துகிறாள்.
பத்து மைக்ரோ ஆம்பியர் உள்ளே.
ஒன்பது புள்ளி எட்டு வெளியே.
"அதேதான்" என்கிறாள்
யாரையும் பார்க்காமல்.

காது கேட்கும் கருவிக்கான சில்லு.
பொத்தான் அளவுப் பேட்டரி ஒன்றை நம்பிப் பிழைப்பது.
பிறந்த அன்று ஒன்றே கால் வோல்ட்,
சாகும் நாளில் ஒன்று.
இதற்குள் வோல்ட்டால் சேதி சொல்லப் பார்த்தால்
தாழ்ந்த கூரைக்கடியில் நெட்டையன் நடந்த கதை;
நிமிரும்போதெல்லாம் தலை இடிக்கும்,
அலையின் உச்சி நசுங்கும்,
காதில் அது கரகரப்பு.

ஆகவே க்வியெதா உயரத்தைக் கைவிட்டாள்.
எத்தனை உயரம் என்று கேட்காதே,
எவ்வளவு ஓடுகிறது என்று கேள் என்றாள்.
அவள் சுற்றில் கணுக்கள் அநேகமாய் அசைவதில்லை.
மேலே மின்னழுத்தம் சலனமற்றுக் கிடக்க
அடியில் ஓட்டம் மட்டும் கூடும், குறையும்.
இரண்டு குரலைக் கூட்ட வேண்டுமா?
இரண்டு கம்பியைச் சேர்த்து முடி.
அவ்வளவுதான்.
பெருக்கி வேண்டாம், மின்தடை வேண்டாம்.
கணுவுக்கு வந்தது கணுவை விட்டுப் போயாக வேண்டும்,
ஒரு துளியும் தங்க முடியாது.
அந்தப் பழைய விதிதான் கணக்குப்பிள்ளை.

நகலெடுக்க மட்டும் ஆடிகள் வேண்டும்.
மின்னோட்ட ஆடி:
இரண்டு டிரான்சிஸ்டர், வாசலில் ஒரே அழுத்தம்,
இதில் ஓடுவது அதிலும் ஓடும்,
இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தால்.

இருந்தால்.

அந்த 'இருந்தால்' என் பொறுப்பு.
நான் வரைபவன்.
பச்சைக் கட்டம், சிவப்புக் கோடு, மேலே நீல உலோகம்.
மாமியாரிடம் ஓவியன் என்று சொல்லியிருக்கிறேன்.
ஒவ்வொன்றையும் இரண்டாய் வெட்டி
ஏ, பி, பி, ஏ என்று நிறுத்துவேன்,
சரிவு எந்தப் பக்கம் இருந்தாலும் சமமாய்ப் பங்குபோக.
இரண்டு ஓரத்திலும் வேலையே இல்லாத
போலி ஒவ்வொன்று.
செதுக்கும் பிளாஸ்மா ஓரத்தில் நிற்பதைக்
கொஞ்சம் அதிகம் கடிக்கும்;
கடி போலிக்குப் போகட்டும் என்று.

போரெக் வருகிறான், கோட்டுகூடக் கழற்றாமல்.
மீட்டரைச் சந்தேகிக்கிறான்.
பிறகு குளிரை. பிறகு தைவான் ஆலையை.
க்வியெதா தலையாட்டவில்லை.
"ஆலையின் பிழை என்றால் சிதறும்.
ஒன்று கூடக் காட்டும், ஒன்று குறையக் காட்டும்.
இது இருபதும் ஒரே பொய்யைச் சொல்கிறது.
ஒரே பொய் என்றால்
யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்."

கெட்டிலில் நீர் கொதித்துத் தானே அணைந்தது.

ஆகஸ்ட், கோப்பு அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமை,
இரவு பதினொன்றரை.
ஒரே ஒரு தரைக்கம்பி போக இடமில்லை.
இடப்பக்கப் போலியைத் தேர்ந்தெடுத்தேன்.
அழித்தேன்.
விதி சரிபார்க்கும் நிரல் பச்சை காட்டியது.
வேலையற்ற ஒன்றுக்காக
அது எதற்குக் கூச்சல் போடும்?

மூன்று நாளாக வாயில் வைத்திருந்தேன்.
கணுவில் எதுவும் தங்காது என்று தெரிந்தவன்தான்.

போரெக் கீழே சிகரெட் பிடிக்கப் போனதும் சொன்னேன்.
பாதியில் குரல் கட்டியது;
எங்கே தொடங்கினேன் என்றுகூட நினைவில்லை.
அவள் திட்டவில்லை.
புது முகமூடிக்கு என்ன விலை என்றோ,
இன்னும் பதினான்கு வாரம் என்றோ சொல்லவில்லை.
அது இருவருக்கும் தெரியும்.

"எத்தனை மைக்ரான் மிச்சம் பிடித்தாய்?"

"மூன்று."

நோட்டில் 'காரணம்' என்ற காலிக் கட்டத்தில்
3 என்று எழுதினாள்.
பிறகு இடுக்கியைத் துடைத்து
பெட்டியிலிருந்து இருபத்தொன்றாவது சில்லை எடுத்தாள்.