உருகியது: இரண்டு கிலோ

முந்நூறு பிரதி அடித்தேன்.
இருநூற்றுப் பதினெட்டு இன்னும் கட்டிலுக்குக் கீழே.
கொட்டாஞ்சேனை மழைக்குப் பெட்டி நமுத்துப்போகும் என்று
பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்தி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் பத்துப் பிரதியோடு
மட்டக்குளி பஸ்ஸில் ஏறுவேன்.
"என்ன புத்தகம்?" என்பார் கொண்டக்டர்.
"சொக்லட் பெக்டரி வரலாறு."
"சொக்லட் இருக்கா உள்ளே?"
"படம் இருக்கு."
மிச்சக் காசைத் தந்துவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்.

கொள்கலன் லொறிகள் இப்போது வரிசை கட்டும் இடத்தில்
முப்பத்தொரு வருஷம் ஓடியது பெல்மோர் கொம்பனி.
மாத்தளைக் கொக்கோ மூட்டை ஒரு வாசலால் போகும்,
ஈயத்தாள் சுற்றிய கட்டி மறு வாசலால் வரும்.
நடுவில் நடந்தது என்ன என்பதுதான் புத்தகம்.
விலை ஆயிரத்து இருநூறு.
பேரம் பேசினால் ஆயிரம்.

பேரேடுகள் எனக்குக் கிடைத்தது
பழைய இரும்புக் கடையில், கிலோ விலைக்கு.
நிஸ்தார் நானா தராசில் போட்டார்:
ஒரு தொழிற்சாலையின் ஆயுள்
பதினான்கு கிலோ, முந்நூறு கிராம்.
நாலு வருஷம் இருந்து வாசித்தேன்.
சீனி வந்த நாள், வராத நாள்,
பால்மாவுக்குப் பெர்மிட் கேட்டு எழுதிய கடிதம்,
அந்தக் கடிதத்துக்கு எழுதிய ஞாபகக் கடிதம்.
எண்பத்து மூன்று, யூலைக் கடைசிக் கிழமை,
வரவுப் பதிவில் கோடுகள் மட்டும்.
ஓகஸ்டில் கையெழுத்துகள் குறைவு.
அந்த அத்தியாயம் அரைப் பக்கம்.
அதற்கு மேல் பேரேட்டில் இல்லை.
என்னாலும் முடியவில்லை.

ஆனால் ஒவ்வொரு மாலையும், தவறாமல்,
சிவப்பு மையில் ஒரு வரி:
உருகியது, இரண்டு கிலோ.
கார்த்திகை அடைமழையிலும் உருகியது.
கரண்ட் போய் மெஷின் நின்ற நாளிலும்
ஒரு கிராம் பிசகாமல் உருகியது.
நூற்றுப் பதினோராம் பக்கத்தில் நான் எழுதினேன்:
"குளிரூட்டல் வசதி போதாமை காரணமாக."

போன சனி அறிமுக விழா.
நாற்பது கதிரை, பதினேழு ஆள்,
அதில் ஐந்து பேர் வடைக்கு.
ஆய்வுரை நிகழ்த்தியவர்
சுவிஸ் சொக்லட்டைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார்.
எல்லாம் முடிந்தபின் மேசைக்கு வந்தார்
பொதி சுற்றும் பிரிவு, இலக்கம் அறுபத்து நாலு, மேபல் அக்கா.
கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு
விரலால் பக்கம் பக்கமாகத் துழாவினார்.

"களவைப் பத்தி எழுதியிருக்கா தம்பி?"

அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.
வாசித்தார். வடைத் தட்டுக்காரர் திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

"குளிரூட்டலோ! அது எங்கட கொண்டையடா.
வாசல் காவல்காரன் பையைப் பார்ப்பான், கையைப் பார்ப்பான்,
தலையில மட்டும் கை வைக்க மாட்டான்.
பத்துப் பேர், ஆளுக்கு நாலு கட்டி.
நாற்பது கட்டி, சரியா ரெண்டு கிலோ.
கணக்கருக்குத் தெரியும்.
அவற்ற பங்கு வேற, அது எழுத்தில வராது."

பிறகு கேட்டார்:
"எங்கட பேர் இருக்கா?"
இல்லை என்றேன்.
புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.
"அப்ப நான் என்னத்துக்கு வாங்க?"

பேனாவை எடுத்தேன்.
குளிரூட்டலை வெட்டினேன்.
ஓரத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
மேபல், சோமலதா, பாக்கியரத்தினம்,
பொரளையிலிருந்து வந்த இரட்டைச் சகோதரிகள்...
ஜெனீரா என்றதும் கையைப் பிடித்தார்.
"அவட மகன் இப்ப பள்ளிவாசல் நிர்வாகத்தில.
ஜெ எண்டு மட்டும் போடு."

இருநூற்றுப் பதினேழு பிரதியிலும்
கையால் திருத்தி முடித்துவிட்டேன்.
வாங்குங்கள்.
திருத்தத்துக்குத் தனிக் காசு இல்லை.

மேபல் அக்கா ஆயிரத்துக்குக் கேட்டார்,
நாலாய் மடித்த நோட்டுகளை என் கையில் திணித்தார்.
பஸ்ஸில் ஏறி விரித்துப் பார்த்தேன்.
எண்ணூறு.

மிச்சம் உருகியது.