கிழிபட்ட பதினொரு நாட்கள்

எரிவாயு நிறுவனம் இலவசமாய்த் தந்த நாட்காட்டி.
தேதிக்குக் கீழே தினம் ஒரு சொல்,
யாரும் பேசாத சொல்.
இரவு உணவு முடிவதற்குள்
அதைப் பேச்சில் கொண்டுவராதவர் பாத்திரம் கழுவ வேண்டும்.
சட்டம் போட்டவள் ஒதிலியா. வயது ஒன்பது.

அப்படித்தான் எங்கள் சமையலறை
அட்டில் ஆயிற்று.
இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சை உள்ளிழுக்க வேண்டும்,
ஆனாலும் அட்டில்.
குளியலறைச் சுவரின் கசிவுக்கு அசும்பு என்று பெயர் வந்தது.
வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "சுவரில் அசும்பு, ஐயா."
பெயர் நன்றாயிருக்கிறது என்றார்.
ஆள் அனுப்பவில்லை.

புந்தா அரேனாஸில் காற்று மிகும் நாளில்
பிடித்து நடக்கத் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
அதனடியில் கிடக்கும் மூன்றுகால் நாயை
ஞமலி என்றாள் ஒதிலியா.
வாலாட்டிற்று.
அதுவரை எதற்கும் ஆட்டியதில்லை.

ஜூலையில் எவரிஸ்தோ நண்டுப் படகுக்குப் போனான்.
போகுமுன் சண்டை.
கணப்படுப்பா, கடனா, அவன் அக்காவா,
எதில் தொடங்கியதென்று இப்போது யாரைக் கேட்பது.
நான் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.
காலணிக் கயிற்றை முடிந்தான், அவிழ்த்தான், முடிந்தான்.
கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனான்.
ஓங்கி அறைந்திருக்கலாம்.

மறுநாள் ஒன்பதாம் தேதியைக் கிழித்தால்
கீழே இருபத்தொன்று.
நடுவில் பதினொரு நாளைக் காணோம்.
"அப்பா திருடிட்டார்," என்றாள் மகள்,
சட்டத்தில் இதற்கு இடமில்லாத திகைப்பில்.

அவரவர் தட்டை அவரவர் கழுவினோம்.
சூப் இருக்கு. உப்பை எடு. தூங்கு.
சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளோடு
அவனிடம் சொல்ல வேண்டியதையும் மடித்து மடித்து அடுக்கினேன்.
ஒருமுறை படகிலிருந்து அழைத்தான். நாற்பது நொடி.
வானிலையைப் பேசினோம்.
இரண்டு பக்கமும் ஒரே காற்று.

இருபத்தொன்றாம் தேதி மாலை வந்தான், தாடியில் உப்போடு.
நெகிழிப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்,
ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய தாள்கள்.
"பேசிப் பழகலாமென்று கொண்டுபோனேன்.
இங்கே எப்போதும் நான்தானே கழுவறேன்."

நண்டுக்கு அலவன்.
இப்போது படகுத்தலைவரே
"இடப்பக்கக் கூண்டு, அலவன் நூற்றிருபது" என்கிறாராம்.
இரவுக்குக் கங்குல்.
அங்கே மாலை ஐந்துக்கே கங்குல்.
முகத்தில் தெறிப்பது துவலை,
அதை மட்டும் யாரும் ஏற்கவில்லை,
முகத்தில் தெறிப்பதற்கு அவர்களிடம் ஏற்கெனவே வசவு இருந்தது.

ஒதிலியா எண்ணினாள். பத்து.
பதினொன்றாவது சட்டைப்பையிலிருந்து வந்தது,
நான்காய் மடிந்து, மற்றவற்றைவிடக் காய்ந்து.
பதினான்காம் தேதி. துனி.
கீழே பொடி எழுத்தில்:
ஊடல் முற்றினால் புலவி,
புலவியும் எல்லை கடந்தால் இது.

நான் இங்கே
பெயர் தெரியாமல் அதைச் செய்துகொண்டிருந்தேன்.
அவன் அங்கே
பெயரைப் பையில் வைத்துக்கொண்டு குளிரில் நின்றிருக்கிறான்.

"இதை யாரிடமும் பேசலையா?"
"ஒரு நண்டிடம் சொன்னேன்."
"அலவனிடம்," என்று திருத்தினாள் மகள்.

சாப்பாடு முடியப் போகிறது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
"துனி தீர்ந்ததான்னு மட்டும் கேட்காதே," என்றேன் அவனிடம்.
ஒதிலியா வெகுநேரம் யோசித்தாள்.
வாக்கியம் செல்லும்.
சொல்தான் தேதி தாண்டியது, செல்லாது.
இரண்டு பேரும் கழுவுங்கள்.

தீர்ப்பைச் சொல்லிவிட்டு
மிச்சிலை வழித்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு
கயிற்றடிக்குப் போனாள்.

அவன் தேய்க்கிறான், நான் துடைக்கிறேன்.
முழங்கை இடிக்காமல் இந்த அட்டிலில் எதுவும் நடக்காது.
கணப்படுப்பைப் பற்றி நாளை பேசியாக வேண்டும்.
இருபத்திரண்டாம் தாளில் என்ன சொல்லோ,
தூக்கிப் பார்க்கவில்லை.

வெளியே ஞமலி இரண்டுமுறை குரைத்தது,
தன் பழைய சொல்லிலேயே.