மூன்றாம் நாள் ரத்தம்

போத்தி துறைமுகத்தில் பனிமூட்டம் இறங்கினால்
கிரேன்களின் கழுத்து மட்டும் தெரியும்.
அதிலொன்றின் தலைக்குள் உட்கார்ந்து
இருபத்தாறு வருடம் இரும்பு இறக்கியவன் ஜும்பேர்.
இப்போது நான்காவது மாடியில் படுத்திருக்கிறான்.
வலது நுரையீரலின் அடியில் சீழ்,
காய்ச்சல் முப்பத்தொன்பது புள்ளி ஆறு.

அவன் ரத்தம் என்னிடம் வந்தது
இரவு இரண்டு மணிக்கு.
சுழற்றி எடுத்தேன்.
தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர்
அரிசி களைந்த தண்ணீராய்க் கலங்கியிருந்தது.
கொலஸ்ட்ரால் நூற்று முப்பத்தொன்பது.
போன வசந்தத்தில் இருநூற்று நாற்பத்தேழு.

காலையில் அவன் மனைவி சியாலா
தாளை வாங்கி ஒரே ஒரு வரியைப் படித்தாள்.
சிலுவை போட்டுக்கொண்டாள்.
"பன்னிரண்டு வருடம் பாலாடைக்கட்டியைப் பூட்டி
சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தேன்.
அப்போது இறங்காதது
மூணு நாள் காய்ச்சலில் இறங்கிவிட்டதே!"
மறுநாள் ஒரு சுலுகுனிக் கட்டி
துணியில் சுற்றி வார்டுக்குள் வந்தது,
வெதுவெதுப்பு ஆறாமல்.

சொல்ல நினைத்தேன்:
சியாலா, வீடு பற்றி எரியும்போது
குடத்தில் தண்ணீர் குறைந்திருந்தால்
அதற்குப் பெயர் சிக்கனமா?

கிருமி உதிர்த்த நஞ்சைத்
தம் மேல் பூசிக்கொண்டு ஈரலுக்குச் சுமக்கின்றன
இந்தக் கொழுப்பு உருண்டைகள்.
கெட்டது என்று நாங்கள் பெயர் வைத்ததும்
அங்கே தோள் கொடுக்கிறது.
நல்லது என்று பெயர் வாங்கியதோ
பத்தொன்பதுக்குச் சரிந்துவிட்டது.
எஞ்சியதும் தன் சட்டையைக் கழற்றி எறிந்து
அழற்சி தைத்துக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு
பெருக்கித் துடைக்கும் பழைய வேலை மறந்து திரிகிறது.
ஈரல் மட்டும் ஓயாமல்
கொழுப்பை ஏற்றி அனுப்புகிறது.
இறக்க ஆளில்லாத சரக்கு
ரத்தத்திலேயே மிதக்கிறது.
அதுதான் கலங்கல்.
நாலாவது வரி, ட்ரைகிளிசரைடு, இருநூற்று எண்பத்தாறு.
அதை யாரும் படிக்கவில்லை.

நான் சொல்லவில்லை.
பரிசோதனைக்கூடக்காரி வார்டுக்குப் போய்
எண்ணுக்கு உரை சொல்லக்கூடாது.
அது மக்வாலா டாக்டரின் வேலை.
அவருக்கு அன்று முப்பத்தேழு படுக்கை.

ஆனால் என் இழுப்பறையில்
தம்பி ஒத்தாரின் தாள் ஒன்று கிடக்கிறது.
மாரடைப்பின் ஐந்தாம் நாள் எடுத்தது.
எல்லா வரியிலும் நேர்த்தியான எண்கள்.
ஓரத்தில் நீல மையில் ஒரு சரிக்குறி,
"கொழுப்பு இயல்பு. மாத்திரை வேண்டாம்."
இதயத்தின் ஒரு மூலை செத்துக்கொண்டிருக்க
உடம்பு கணக்கை அழித்து எழுதியிருந்தது.
இரண்டாவது முறை
தாள் எடுக்கவே நேரம் இருக்கவில்லை.
அந்தக் குறியின்மேல் எனக்கிருந்த கோபம்
தேய்ந்து வெகுநாளாயிற்று.
பேனா பிடித்தவர் எண்ணைப் பார்த்தார்,
தேதியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

அன்றிரவு ஜும்பேரின் கோப்பில்
விதியில் இல்லாத ஒரு வரியைத் தட்டினேன்:
*காய்ச்சலில் எடுத்தது. நம்ப வேண்டாம்.
ஏழு வாரம் கழித்து மீண்டும்.*

கடல்காற்று யூகலிப்டஸ்களை வளைத்த ஒரு காலையில்
இளைத்துப்போய் வந்தான், படிக்குப் படி நின்று.
குழாயை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
மஞ்சளுக்கு அப்பால்
துறைமுகத்தின் கிரேன் ஒவ்வொன்றும் தெரிந்தது.
இருநூற்று ஐம்பத்தொன்று.

"திருட்டுப் பயல் திரும்பிவிட்டான்" என்றான் ஜும்பேர்.
நான் சிரித்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.
நெருப்பு அணைந்த பிறகுதான்
குடத்தில் இவ்வளவு நிற்கும் என்று
எப்படிச் சொல்வது?
இனி இதோடு மல்லுக்கட்டலாம்,
மாத்திரை இருக்கிறது, மக்வாலா இருக்கிறார்,
எல்லாவற்றுக்கும் மேலாக நீ இருக்கிறாய்.

சியாலா ஒன்றும் பேசவில்லை.
கை மட்டும் இடுப்புக்குப் போய்
சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.