காய்க்குலை

விற்றால் மட்டும் பிடிப்பார்களாம்,
நூற்றுக்கு எட்டு.
விளம்பரத்துக்கு அது நியாயம்தான் என்று
நானும் சம்மதக் கட்டத்தைத் தட்டினேன்.

செவ்வாய் காலையில் லஹாட் டத்துவிலிருந்து ஒருவர்
அறுபது சோடி கையுறை கேட்டார்.
வெள்ளைப் பருத்தி, உள்ளங்கையில் நீல ரப்பர்,
சோடி நாலரை வெள்ளி.
ஒட்டுநாடா தீர்ந்துபோய், மோட்டாரை எடுத்துக்கொண்டு
சுங்கை சுமுன் கடைத்தெருவுக்கு ஓடி,
மூன்று பெட்டி கட்டி,
முகவரித்தாளைக் கோணாமல் ஒட்டி நிமிர்ந்தால்
கைபேசி சொல்கிறது:
ரத்து. காரணம், மனம் மாறிவிட்டது.

மாறட்டும். மனம்தானே.
ஆனால் இருநூற்று எழுபது போன பிறகும்
அதன்மேல் பிடித்த இருபத்தொன்று அறுபது
கணக்கில் அசையாமல் இருந்தது,
கல்யாணம் நின்ற வீட்டில்
பந்தல் வாடகை கேட்டு உட்கார்ந்திருப்பவன்போல.

உதவி மையத்தில் ஆள் இல்லை, இயந்திரம்.
மலாய்மொழியில் என்னை 'காக்' என்றது.
காக், உங்கள் சிரமம் புரிகிறது.
காக், ஆர்டர் எண் தாருங்கள்.
காக், படம் அனுப்புங்கள்.
தகரக் கூரையில் காக்கை நடப்பதுபோல் இருந்தது.
அனுப்பினேன். எண், தேதி, மணி,
கட்டிய பெட்டிகள்மேல் வெயில் விழும் படம்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது,
பணமாக அல்ல, விளம்பரப் புள்ளியாக.
ஏழு நாளில் காலாவதி.
என் சட்டையை என்னிடமே தந்து
இந்தக் கடைக்குள் மட்டும் போட்டுக்கொள் என்பதுபோல.

அன்றிரவு வடமலை சம்பளச்சீட்டை மேசையில் வைத்தார்.
காய்க்குலை மூன்று. பிடித்தம் முப்பது வெள்ளி.
பழுக்கவில்லை என்று மண்டோர்
காம்பில் சிவப்புச் சாக்கட்டியால் கீறிவிட்டால்
அறுத்த கூலியும் போய், மேலே தண்டமும்.

"அடியில உதிரி கிடந்துச்சு."
"எத்தனை?"
"பத்து பன்னெண்டு. பொறுக்கிச் சாக்குல போட்டேன்."
உதிர்ந்தால் பழம். இது எல்லாருக்கும் தெரியும்,
மண்டோருக்கும்.
"படம் இருக்கா?"
இருந்தது. பிள்ளைக்குக் காட்டவென்று எடுத்தது.
முன்னால் ஓர் உடும்பு நாக்கை நீட்ட,
பின்னால், எண்ணிவிட்டேன், பதினொரு உதிரி.

எழுதினேன்,
இயந்திரம் கற்றுக்கொடுத்த மரியாதையோடு.
களம் பதினாறு, வரிசை நாற்பத்திரண்டு, தேதி, மணி,
படம் இணைப்பு, உதிரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
ஏழு வேலைநாளில் பதில் எதிர்பார்க்கிறேன்.
அவர் படித்துவிட்டு,
"உடும்ப வெட்டிடேன்," என்றார்.
வெட்டவில்லை. அங்கே நின்று பார்த்தது அது ஒன்றுதான்.

ஆபீஸ் கிராணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இதற்கு பாரம் கிடையாது என்றார்.
பாரம் இல்லாததை மறுக்கவும் வழி தெரியாமல்
'பெற்றுக்கொண்டோம்' முத்திரையைக் குத்தினார்,
கொஞ்சம் சாய்வாக,
உடும்பின் வாலில் மை படும்படி.

இன்று ஐந்தாம் நாள்.
ஆபீசிலிருந்து ஒன்றுமில்லை.
புள்ளியும் அப்படியே கிடக்கிறது.
அது செலவாக நான் விற்க வேண்டும்,
நான் விற்க யாராவது வர வேண்டும்.

விடியற்காலை ஐந்தரைக்கு
வடமலை மேல்பெட்டியின் நாடாவைப் பல்லால் கிழித்து
ஒரு சோடியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.
பழையதில் இரண்டு விரல் வெளியே தெரிந்தது.

இருப்பு ஐம்பத்தொன்பது என்று எழுதிவிட்டேன்.
எதிரே என்ன போடுவது?
விற்பனை, ரத்து,
இரண்டு கட்டம்தான் இருக்கிறது.