ஒற்றைப் பலகை

ஏழு கிலோமீட்டர் வளையம்.
மரங்களுக்கு மஞ்சள் சாயம் வைப்பது என் வேலை:
இருபது மீட்டருக்கு ஒரு மரம்,
கண் மட்டத்தில், உள்ளங்கை அகலம்.
நகராட்சி வருடத்துக்கு இரண்டு டப்பா தரும்.
மூன்றாவது வேண்டுமென்றால் கடிதம் எழுதவேண்டும்.

பாதை தொடங்குவது பனிச்சறுக்குக் கொட்டகையில்.
அங்கிருக்கும் வரைபடத்தில்
‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்ற சிவப்புப் புள்ளியை
வந்தவர்களெல்லாம் தொட்டுத் தொட்டு
வெள்ளையாக்கிவிட்டார்கள்.
இப்போது யாரும் எங்கேயும் இல்லை.

வியாழக்கிழமைகளில்
ஹெல்கா வலப்பக்கமாகப் போவாள்,
தார்மோ இடப்பக்கமாக.
பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள்.
பிரிந்தபோது படகு அவனுக்கு, சவுனா அவளுக்கு.
காட்டை எப்படிப் பிரிப்பதென்று
வக்கீலுக்குத் தெரியவில்லை.

ஊருக்குத் தெரியும். ஊர் பேசாது.
இங்கே பால் வாங்க நிற்கும் வரிசையில்
வானிலையைத் தாண்டி ஒருவரும் போகமாட்டார்கள்.

வளையத்தில் எதிரெதிரே நடந்தால்
எங்காவது சந்தித்தே தீரவேண்டும்,
அது கணக்கு.
அவர்கள் கணக்கில்
அந்த இடம் சதுப்பு.

பைன் மரங்கள் இடுப்பளவோடு நின்றுவிட்ட இடம்;
நூறு வயதுச் சிறுவர்கள்.
பாசி நீரைக் குடித்துவிட்டு
நீரே இல்லாததுபோல் கிடக்கும்.
அதன்மேல் நாற்பது மீட்டருக்கு
ஒற்றைப் பலகை.
இரண்டு பாதம் சேர்த்து வைக்க முடியாது.

நான் முதலில் பார்த்தது ஜூனில்,
கொசுக்களோடு,
தூரத்து பிர்ச் மரத்தடியில், தூரிகையோடு.
இருவரும் நடுவில் நின்றார்கள்.
யாராவது திரும்பலாம்.
யாராவது இறங்கலாம்:
இறங்கினால் முழங்கால்வரை போகும்,
ஏறினால் பூட்ஸ் கூட வராது.
அவள் ஏதோ சொன்னாள்.
அவன் தலையாட்டினான்.
பிறகு ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்து,
தோணியில் இடம் மாறுகிறவர்களைப்போல
அரைவட்டம் சுழன்றார்கள்,
மெதுவாக,
அவன் பாதங்களுக்கிடையே அவள் பாதம்.
பலகை ஒருமுறை கிறீச்சிட்டது.
விட்டார்கள்.
நடந்தார்கள்.
என் சட்டைக் கைக்குள் சாயம் ஓடியிருந்தது.

குடில் ஒன்று உண்டு, மூன்று பக்கம் அடைத்து
நெருப்பின் பக்கம் மட்டும் திறந்தது.
தகரப் பெட்டிக்குள் ஒரு நோட்டு,
வருகிறவர்கள் எழுத.
‘சாசேஜ் கருகிவிட்டது. நல்ல நாள்.’
‘கரடி இல்லை.’
‘கையுறை கிடைத்தது. இடது கை மட்டும்.’
ஹெல்கா வாராவாரம் ஒன்றையே எழுதுவாள்:
‘பலகை வழுக்குகிறது. பரவாயில்லை.’

ஆகஸ்டில் எனக்குக் கடிதம் வந்தது.
சதுப்பில் ஒற்றைப் பலகை ஆபத்தானது,
எதிரே வருபவருக்கு வழியில்லை என்று புகார்.
இரண்டாவது பலகை பதிக்கவும்.
புகார் தந்தவர்
தார்மோ ஹல்மேலா.

மூன்று முறை படித்தேன்.
கோபமா?
ஒருநாள் அவள் வழுக்கி
அவன் பிடித்தானா,
பிடித்தபின் விட வரவில்லையா?
சாயம் பூசுகிறவனிடம் யார் சொல்லப்போகிறார்கள்.

செப்டம்பரில் மரம் வந்தது.
டிராக்டர் காட்டோரம் இறக்கிவிட்டுப் போனது,
மிச்ச தூரம் தோள்.
சாம்பல் நிறப் பழையதன் பக்கத்தில்
பிசின் மணக்கும் புதியது.
முப்பத்தேழு மீட்டர் முடித்தேன்.
கடைசி மூன்று மீட்டருக்குப் பலகை போதவில்லை.
நிஜமாகவே போதவில்லை.
கடிதம் எழுதவேண்டும்.

எழுதவில்லை.
அதற்குள் டிசம்பர்.
சதுப்பு கல்லாய் இறுகிவிட்டது.
பலகை எங்கே என்று பனிக்கே தெரியாது,
யாரும் யாரையும் தொடாமல்
எந்தப் பக்கமும் விலகிப் போகலாம்.

இன்று வெள்ளிக்கிழமை, வந்து பார்க்கிறேன்.
அந்தப் பக்கமிருந்து ஒரு தடம்,
இந்தப் பக்கமிருந்து ஒரு தடம்,
அந்த மூன்று மீட்டரில்
மிதிபட்ட சிறு வட்டம்.

டப்பாவைத் திறந்தேன்.
சாயம் உறைந்திருந்தது.